அத்தானின் ஆசீர்வாதம்

என் அக்காவின் புருஷனுக்கு நாடகத்தில் இடம் கிடைத்தது தாடியால், நடிப்பால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்த வருடங்களில் அவர் அதை வேறு விதமாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அத்தான் மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் விரிவுரையாளர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கி, ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தமிழ்க் குடும்பங்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம். மாதத்துக்கொரு தரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆண்கள் ஹோலில் கதிரைகளில் இருந்து இலங்கை அரசியலைத் தீர்த்துவைப்பார்கள். பெண்கள் குசினியில் நின்று அவர்களுக்கு வடை சுடுவோம். கடல் கடந்து வந்தும் அந்த ஏற்பாட்டில் ஒரு கதிரைகூட இடம் மாறவில்லை.

பல்கலைக்கழக ஊழியர்களும் அயலவர்களும் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். அந்த வருடம் அவர்கள் எடுத்தது உலகமெல்லாம் பேர்போன ஓர் இசை நாடகம். பழைய ரஷ்யாவில் ஒரு யூதக் கிராமம். அங்கே ஒரு ஏழைப் பால்காரர், அவருக்கு வரிசையாகப் பெண்பிள்ளைகள். தங்கள் பழைய வழமைதான் தங்களைக் காக்கிறது என்று நம்புகிற ஊர். தரகர் பேசிவந்த பணக்காரனை வேண்டாமென்று மூத்தவள் ஒரு தையற்காரனைக் கட்டுகிறாள். இரண்டாமவள் ஒரு புரட்சிக்காரனை விரும்புகிறாள். தகப்பன் இரண்டு தரமும் வானத்தைப் பார்த்து வாதாடிவிட்டு விட்டுக்கொடுக்கிறார். மூன்றாமவள் வேற்று மதத்துப் பெடியனோடு போகும்போது மட்டும் அவரால் முடியவில்லை. அவள் செத்துப்போனதாக வைத்துக்கொள்கிறார்.

நாடகத்தை இயக்கியவர் ஓர் உயர்பள்ளிச் சங்கீத ஆசிரியை, குதிரை மாதிரி உழைக்கிற வெள்ளைக்காரப் பெண். அவர் ஒருநாள் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் அத்தானின் நெஞ்சுவரை தொங்கிய கரிய தாடியைக் கண்டிருக்கிறார். மற்றவர்களுக்கெல்லாம் கம்பளித் தாடி ஒட்டவேண்டியிருந்தது. இங்கே ஒன்று இலவசமாக நடந்து போகிறது. அன்றைக்கே அத்தான் அந்த யூதக் கிராமத்தின் மதகுருவாகிவிட்டார்.

குருவுக்கு மொத்தம் ஏழெட்டு வசனம் இருக்கும். ஆனால் வீட்டில் நடந்த அமளியைப் பார்த்தால் அத்தான்தான் கதாநாயகன். கறுப்பு அங்கியைத் தைத்துக் கொடுத்தவள் அக்கா. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஹோலுக்குள் உலாவுவார். தேத்தண்ணி கேட்கும்போதுகூடக் குரல் கனத்துவிட்டது. மாதக் கூட்டத்தில் இலங்கை அரசியல் பின்னால் போய், வழமையும் புதுமையும் என்ற தலைப்பில் அத்தானின் பிரசங்கம் முன்னுக்கு வந்தது.

"அந்தத் தகப்பன்ரை பெருமை என்ன தெரியுமோ? வளைஞ்சு குடுக்கிறார். வளையாத சமுதாயம் முறிஞ்சு போம். எங்கட ஆக்கள் இதைப் பாத்துப் படிக்கவேணும்."

ஹோல் முழுக்கத் தலையாட்டியது. நான் வடைத் தட்டோடு நின்று கேட்டேன்.

"அப்ப மூண்டாவது பிள்ளைக்கு ஏன் வளையேல்லை அத்தான்?"

"அதுக்கும் ஒரு எல்லை இருக்கெல்லே," என்று சொல்லி, இன்னொரு வடையை எடுத்தார்.

ஏழெட்டு வசனத்துக்காக முழு நாடகத்தையும் வீட்டில் வாசிக்கவேண்டும் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தார். அப்போதுதான் பாத்திரத்தின் ஆன்மா வசப்படுமாம். பெண்களின் வசனத்தை வாசிக்க நான் இருந்தேன். ஆண்களின் வசனத்துக்கு ஆள் வேண்டும். தன் பொறியியல் பகுதியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு மாணவரைச் சனிக்கிழமைகளில் வரச்சொன்னார். "எங்கட பெடியன். கெட்டிக்காரன்," என்று அக்காவுக்கு அறிமுகப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் அத்தான் படித்த அதே பெரிய பள்ளிக்கூடத்தில்தான் அவரும் படித்தவர். அத்தானுக்கு அது போதும். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பெடியனுக்கு முப்பது வயது. சிகரெட் குடிப்பார். சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பார். சேர்ட்டின் மேல் பொத்தான் எப்போதும் இல்லை. பால்காரராகவும் தையற்காரனாகவும் புரட்சிக்காரனாகவும் மாறி மாறி வாசித்தார். எல்லாரும் ஒரே மாதிரித்தான் கதைத்தார்கள், சந்தையில் மீன் விலை கேட்கிற மாதிரி. நான் மூத்தவளாக, இரண்டாமவளாக, மூன்றாமவளாக வாசித்தேன். அத்தான் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஆன்மாவைத் தேடிக்கொண்டிருப்பார். அவருடைய வசனம் வந்ததும் நாங்கள் காலால் கதிரையைத் தட்டி அவரை எழுப்புவோம்.

சனிக்கிழமை எப்போது வரும் என்று எதிர்பார்க்கத் தொடங்கினேன். அவர் ஒருநாள் தையற்காரனின் வசனத்தை வாசித்துவிட்டு, புத்தகத்தைக் கீழே வைத்து, "இவன் ஏன் இவ்வளவு பயப்பிடுறான்? பெண் சம்மதமெண்டால் பிறகென்ன?" என்று கேட்டார். அத்தானிடம்தான் கேட்டார், ஆனால் பார்த்தது என்னை. அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்கு முன்னாலுள்ள பஸ் தரிப்பில் நின்றார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. இருவரும் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டோம்.

இதை முதலில் மோப்பம் பிடித்தது அக்கா. நான் வாசிக்கும்போது சிரிக்கிறேனாம். அழவேண்டிய கட்டத்திலும் சிரிக்கிறேனாம். அவள் அத்தானின் காதில் போட்டிருக்கிறாள். அத்தானுக்குக் கோபம் வரவில்லை என்றுதான் பிறகு அறிந்தேன். சந்தோஷமே பட்டிருக்கிறார். பெடியன் டொக்டரேட் எடுக்கப்போகிறவன், வீட்டுக்குள்ளேயே மாப்பிள்ளை. தான் வளைந்து கொடுப்பதை ஊருக்குக் காட்டவும் ஒரு வாய்ப்பு. அடுத்த சனிக்கிழமை அவரை இராச்சாப்பாட்டுக்கு மறித்தார்கள். அக்கா நண்டுக் குழம்பு வைத்தாள்.

சோற்றைக் குழைத்தபடி அத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, நீர் ஊரிலை எவடம்?"

அவர் ஊரின் பெயரைச் சொன்னார்.

"அது பெரிய ஊரெல்லே. எந்தப் பக்கம்?"

"கோயிலுக்கு மேற்கை."

"தேர்முட்டியடியோ?"

"இல்லை சேர். அதுக்கும் அங்காலை. குளத்தடி."

அத்தானின் கை சோற்றில் நின்றது. "குளத்தடியிலை... ஆற்றை ஆக்கள்?"

யாருடைய ஆட்கள் என்ற அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நண்டுக் காலை ஒருபக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேர், நீங்கள் கேக்க வாறதை நேராய்க் கேளுங்கோ. சொல்லுறன்."

"சீச்சீ, நான் சும்மா..."

"நீங்கள் நினைக்கிற ஆக்கள்தான். அந்தக் கோயிலுக்குள்ள எங்களை விடுறேல்லை. வெளிவீதியிலை நிண்டுதான் கும்பிட்டனான். பிறகு கும்பிடுறதையும் விட்டிட்டன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ. நல்லாயிருக்கு."

அக்கா சொதி விட்டாள். அகப்பையை உயர்த்திப் பிடித்து விட்டாள். அகப்பை அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் படாமல் இருக்கவேண்டிய உயரம் அது. அத்தான் மழையைப் பற்றிக் கதைத்தார். மெல்பேர்னில் கதைக்க ஒன்றும் இல்லாதபோது மழை இருக்கும். சாப்பாடு முடிந்ததும் அத்தானே சொன்னார், வசனம் எல்லாம் நன்றாகப் பாடமாகிவிட்டது, இனிச் சனிக்கிழமைகளில் தம்பி சிரமப்பட்டு வரத் தேவையில்லை என்று.

"சரி சேர். அப்ப போட்டு வாறன்," என்று சொல்லி அவர் போனார். வாசலில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டுதான் போனார்.

குசினிக்குள் போனேன். அக்கா எல்லாக் கோப்பைகளையும் கழுவி அடுக்கியிருந்தாள். அவர் சாப்பிட்ட கோப்பையையும் தேத்தண்ணி குடித்த கோப்பையையும் மட்டும் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பை வாளிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"வெடிச்சுப்போச்சு."

நான் வாளிக்குள் கை விட்டு எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அக்கா ஊரில் ஆசிரியையாக இருந்தவள். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள்.

"ரெண்டு மாசமாய் அவர் உன்ரை எல்லாக் கோப்பையிலையும் மாறி மாறிச் சாப்பிட்டவர். அப்ப செற்றை முழுசாய் எறி."

அது கலியாணத்துக்கு வந்த செற். முழுவதையும் எறிய அவளுக்கு மனம் வராது. அவளுடைய ஆசாரமும் இரண்டு கோப்பையளவுதான்.

அடுத்த நாள் காலை அத்தானிடம் போனேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் தாடியை வாரிக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் அவரைத்தான் கட்டப்போறன்."

"விசர்க்கதை கதையாதையும்."

"வளையவேணும் எண்டு சொன்னீங்கள்."

"அது வேற. அது நாடகம்."

"அவர் வேற மதமில்லை. வேற பாஷையில்லை. நீங்கள் படிச்ச பள்ளிக்கூடம். நீங்கள் கும்பிடுற அதே பிள்ளையார்."

"அதுதான் பிரச்சினை," என்றார் அத்தான். சீப்பை வைத்துவிட்டு, எனக்குப் பொறியியல் விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். "ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தீரெண்டாலும் நான் யோசிச்சிருப்பன். ஊரிலை சொல்லலாம், படிச்ச வெள்ளைக்காரன் எண்டு. உவனை என்னண்டு சொல்லுறது? ஊருக்கே தெரியுமே ஆரெண்டு."

நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு எதிரே ஒரு மனிதன் இருக்கவேண்டும். அங்கே ஒரு தாடிதான் இருந்தது.

என் பரிசோதனைக் கூடத்தின் தலைவி போலந்திலிருந்து வந்த ஒரு யூதப் பெண் டொக்டர். அறுபதை நெருங்கியவர். அவருடைய ஊர் யுத்தத்தில் இல்லாமல் போயிற்று. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்கள் கேட்பதுமில்லை. நாடகத்துக்கு ஒரு ரிக்கற் கொடுத்தபோது, "எங்கள் ஊரில் சேறுதான் அதிகம். பாட்டு மிகவும் குறைவு," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ரிக்கற்றை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கேட்டு முடிந்ததும், "உன் அத்தான் ஒரு முட்டாள்," என்றார். அது எனக்கு இதமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. தேவாலயத்தோடு சேர்ந்த மண்டபம். அக்காவும் நானும் முன்வரிசையில். அக்கா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். டொக்டர் இரண்டு வரிசை பின்னால். எல்லாருக்கும் பின்னால், கதவோரமாக, அவர். வரவேண்டாம் என்று பஸ் தரிப்பில் சொல்லிப் பார்த்தேன். "வசனம் பாடமாக்கிக் குடுத்தது நான். பாக்காமல் விடலாமோ?" என்று சிரித்தார்.

நாடகத்தில் ஒரு கலியாணக் கட்டம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது அந்த ஊரில் அதுவரை இல்லை. புரட்சிக்காரன் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற கயிற்றைத் தாண்டி வந்து ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கிறான். ஊரே திகைத்து, இது பாவமா என்று குருவிடம் கேட்கிறது. அத்தான் தாடியைத் தடவி, புத்தகத்தைப் புரட்டி, கண்ணை உயர்த்தி, பாவமில்லை என்கிறார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் அக்காவும் தட்டினாள். வளையல் குலுங்கத் தட்டினாள்.

பிறகு மூன்றாம் பெண்ணின் கட்டம். தெருவில் வந்து தகப்பனிடம் கெஞ்சுகிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். டொக்டர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இவர்கள் எல்லாரும் யாருக்காக அழுகிறார்கள்? அந்தத் தகப்பனுக்காக. பாவம், மனிதனுக்கு எவ்வளவு வேதனை! தெருவில் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்காக ஒரு மூக்காவது உறிஞ்சியதாக எனக்குத் தெரியவில்லை. அவள் அடுத்த வேளை எங்கே சாப்பிட்டாள், யார் அவளுக்குப் படுக்கப் பாய் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை. வளைந்து கொடுத்த பெருமையெல்லாம் தகப்பனுக்கு. வளையாமல் விட்ட துக்கமும் அவருக்கே. இரண்டு பக்கமும் அவருக்கே லாபமாக எழுதி, நடுவில் அருமையான பாட்டுகளைப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் உலகமெங்கும் தகப்பன்மார் குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்சி முடிந்து மண்டபத்தின் முன்கூடத்தில் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்கள். நடிகர்கள் வேடத்தோடேயே வந்து கலந்தார்கள். அத்தானைச் சுற்றி வெள்ளைக்காரர்கள். தாடியைத் தொட்டுப் பார்த்து, உண்மையா, உண்மையா என்று கேட்டார்கள். அத்தான் சிரித்துச் சிரித்துக் காட்டினார். அப்போது கதவோரம் இருந்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

"கங்கிராஜுலேஷன்ஸ், சேர்."

ஒரு கணம் அத்தானின் கண் கூரையைப் பார்த்தது. ஆனால் இயக்குநர் அம்மா பக்கத்தில் நிற்கிறார். பொறியியல் பகுதித் தலைவர் நிற்கிறார். அத்தான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "மை ஸ்டூடன்ட்! பிரில்லியன்ட் பாய்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஆங்கிலத்தில் அவருக்குச் சாதி கிடையாது. கையை விட்டபின் அக்காவின் பக்கம் குனிந்து, தமிழில், "வீட்டை போனவுடன குளிக்கவேணும்," என்றார்.

முகப்பூச்சைக் கழுவத்தான் சொன்னாரோ என்னவோ. சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கைகொடுத்தவரும் இரண்டடியில் நின்றார், அவருக்கும் கேட்டது. முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. வாய் தானாகத் திறந்தது. ஆங்கிலத்தில்தான் திறந்தது. தமிழில் சொன்னால் அத்தான் தமிழிலேயே அதைப் புதைத்துவிடுவார்.

"எல்லாருக்கும் ஒரு செய்தி சொல்லவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் கலியாணம் செய்யப்போகிறோம்."

இயக்குநர் அம்மா ஒரு கத்துக் கத்தினார். அதைத் தொடர்ந்து முன்கூடமே கத்தியது. பால்காரராக நடித்தவர், நிசத்தில் பல் வைத்தியர், என்னைத் தூக்கியே விட்டார். நாடகத்தின் மூன்று பெண்களும் வந்து கட்டிப்பிடித்தார்கள். யாரோ அத்தானின் முதுகில் தட்டி, "நீ ஒன்றும் சொல்லவில்லையே, கள்ளா!" என்றார். அத்தானின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அது மெல்லச் சிரிப்பாக மாறியது. ஒரு மனிதன் பயத்தில் சிரிப்பதை அவ்வளவு கிட்ட நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பல் வைத்தியர்தான் தொடங்கினார். "குருவே, ஆசீர்வாதம்! குருவே, ஆசீர்வாதம்!"

எல்லாரும் சேர்ந்து கைதட்டிக் கேட்டார்கள். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பகுதித் தலைவர், கையில் கேக் துண்டோடு, ஆவலாகக் காத்துநின்றார். அத்தானின் அடுத்த வருடப் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது.

அத்தான் இரண்டு கைகளையும் உயர்த்தினார். மேடையில் தையற்காரனுக்கும் பெண்ணுக்கும் சொன்ன அதே ஆசீர்வாதத்தை, அதே கனத்த குரலில், எங்கள் இருவரின் தலைக்கு மேலும் சொன்னார். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. நன்றாகத்தான் பாடமாகியிருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்கிற அதே வியாதி.

வீட்டு வாசலில் கார் எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி அத்தான் சொன்னார்.

"சாமானைக் கட்டும். நாளைக்கே வெளிக்கிடும். எங்களுக்கு நீர் செத்துப்போனீர்."

அவர் அதை நாடகத்திலிருந்து எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா மட்டும் முன்சீற்றிலிருந்து திரும்பி, "என்னண்டடி உனக்குச் சிரிக்க முடியுது?" என்று கேட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அத்தான் இறங்கியதும் அவளும் இறங்கி, அவருக்குக் குளிக்க வெந்நீர் போடப் போனாள்.

டொக்டர் தன் வீட்டின் பின்னறையில் என்னை வைத்துக்கொண்டார். கலியாணப் பதிவுக்கு அவர்தான் சாட்சி. அன்று காலை தேன் கேக் செய்து, கரும்பச்சைத் தொப்பி போட்டு, காரை அவரே ஓட்டிவந்தார். சந்திச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டேன். அவ்வளவு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

"ஒரு மகன். சிட்னியில்."

"வந்து போவாரா?"

"இல்லை. ஒரு கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினான். நான் அவர்களைப் பார்ப்பதில்லை."

நான் அவருடைய பக்கவாட்டு முகத்தைப் பார்த்தேன். தொப்பி நேராக இருந்தது.

"என் அத்தானை முட்டாள் என்றீர்களே?"

"அது வேறு," என்றார் டொக்டர். "எங்களில் மிச்சம் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது."

அவருக்கு நடந்தது அத்தானுக்கு நடக்கவில்லை. அது எனக்கு விளங்கியது. அத்தானின் ஊரை அதுவரை யாரும் கொளுத்தவில்லை. அத்தான் காப்பாற்றப் பார்த்தது ஒரு குளத்தடிக்கும் ஒரு தேர்முட்டிக்கும் இடையிலுள்ள முந்நூறு யார் தூரத்தை. ஆனாலும் எங்கோ சிட்னியில் மாமியின் முகம் தெரியாமல் ஒருத்தி சமைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். விளக்கு பச்சையாயிற்று. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விட்ட மரியாதைக்குள்ளும் கொஞ்சம் இளக்காரம் கலந்துதான் இருந்தது.

பதிவாளர் அலுவலகத்தில் கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. அவர் சேர்ட்டின் மேல் பொத்தானைத் தைத்துக்கொண்டு வந்திருந்தார், வேறு நிறத்து நூலால். அக்கா வரவில்லை. மாதக் கூட்டத்தில் வடை தின்றவர்களில் ஒருவரும் வரவில்லை. நாடகத்தில் நடித்த மூன்று பெண்களும் பல் வைத்தியரும் வந்தார்கள். குரு எங்கே என்று பல் வைத்தியர் கேட்டார். தடிமன், காய்ச்சல் என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல். அந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்ற எனக்கு என்ன தலைவிதி?

அவர் ஆராய்ச்சியை முடித்ததும் சிட்னியில் வேலை கிடைத்தது. மேற்குப் பக்கத்தில், பென்டில் ஹில்லில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மகள் பிறந்தாள். அத்தானுக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று கேள்விப்பட்டோம். அந்த நாடகக் கதையைக் கூட்டங்களில் இன்னும் சொல்கிறாராம். தன் ஆசீர்வாதத்தோடு மேடைக்கு வெளியிலும் ஒரு சோடி சேர்ந்தது என்று வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வடிவம். தமிழர்களுக்கு வேறு. அதில் நான் மேற்படிப்புக்காகச் சிட்னி போயிருக்கிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில், ஒரு முன்மத்தியானம், அக்கா வாசலில் நின்றாள். அத்தானின் மாநாடு ஒன்றுக்காகச் சிட்னி வந்தவர்களாம். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறி வந்திருக்கிறாள். மெலிந்திருந்தாள். கையில் பிள்ளைக்கு ஒரு பொம்மைப் பெட்டி. "வா," என்றேன்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தாள். என்னைப் பற்றிக் கேட்டாள், வேலையைப் பற்றிக் கேட்டாள், வீட்டு வாடகை, குளிர், பால் விலை எல்லாம் கேட்டாள். அவரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மத்தியானமாயிற்று. அன்றைக்குச் சமைத்தது அவர்தான். வேலைக்குப் போகும் முன் வைத்துவிட்டுப் போன நண்டுக் குழம்பும் முருங்கைக்காய்ப் பால்கறியும். அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றேதான் பார்த்தேன்.

அக்கா பிள்ளையை இறக்கிவிட்டு, குசினி மேசையில் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "போடு," என்றாள்.

சாப்பிட்டாள். பசித்த பிள்ளை மாதிரிச் சாப்பிட்டாள். நண்டு ஓட்டைக் கடித்து உறிஞ்சினாள். கண்ணிலிருந்து நீர் வந்தது, உறைப்பால் என்றாள். கையைக் கழுவிவிட்டு, சேலையைச் சரிசெய்து, வாசலில் செருப்பைப் போடும்போது என் கையைப் பிடித்தாள்.

"நான் இஞ்சை சாப்பிட்டது அத்தானுக்குத் தெரியாமல் பாத்துக்கொள்ளு. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

அவளிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. வருடக்கணக்காக நாக்கு நுனியில் தீட்டி வைத்திருந்த சொற்கள். அவள் ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்துபோனாள். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் அவர் வேலையால் வந்தார். பொம்மைப் பெட்டியைக் கண்டதும் வந்துபோனது அக்கா என்று விளங்கிக்கொண்டார்.

"கொக்கா சாப்பிட்டவவோ?"

"ஓம். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ."

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்செண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்," என்று சொல்லி, சட்டியைத் திறந்து எங்களுக்கு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்.